கணவாய் கேட்டால் கைபர் வருகிறது

வாசகர் கேள்வி – பதில்

தொண்டி முதல் சாயல்குடி வரை கடலோர வாசகர்கள் பலர் ஏறக்குறைய ஒரே குறையை எழுதியிருக்கிறார்கள். ஒரு பெயரைப் போட்டுத் தேடினால், அதே பெயரில் சம்பந்தமில்லாத நாலு விஷயம் முன்னால் வந்து நிற்கிறது. தேடியது மட்டும் கிடைப்பதில்லை. இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

கடல் உயிரியல் படிக்கிறேன். மண்டபத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் பயிற்சி விவரத்தைத் தேடினால், கல்யாண மண்டப வாடகையும் டெல்லி பாரத் மண்டபமும்தான் வருகின்றன. என்ன செய்வது?
– மாணவி, மண்டபம் முகாம்

‘மண்டபம்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால், நீங்கள் கேட்பது ஊரா கட்டடமா என்று உறுதி செய்யத் தேடுபொறிக்கு வழியில்லை. அந்த ஐந்து எழுத்தும் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கின்றன, எதை அதிகம் பேர் திறக்கிறார்கள், உங்கள் போன் இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்பதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் அது வரிசை போடுகிறது. கல்யாண மண்டபம் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது? நீங்கள் விடுதிக்காக மதுரையில் இருந்தால், மதுரை மண்டபங்கள் இன்னும் மேலே ஏறிவிடும்.

முதல் வேலை, பெயருக்குத் துணையாக இன்னொரு சொல்லை நிறுத்துவது. அந்தத் துணைச்சொல் நீங்கள் தேடும் பக்கத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், தவறான பக்கத்தில் இருக்கவே கூடாது. ‘மண்டபம் பயிற்சி’ என்றால் பரதநாட்டியப் பயிற்சியும் வரும். ‘மண்டபம் மீன்வளம்’ என்றால் வாடகை மண்டபங்கள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். ‘மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபம்’ என்று முழுப் பெயரையும் கொடுத்தால் வேலை முடிந்தது.

அப்படியும் வேண்டாதது வந்தால் கழித்தல் குறியைப் பயன்படுத்துங்கள்: மண்டபம் கடல் -திருமண -வாடகை. குறிக்கு முன்னால் ஓர் இடைவெளி வேண்டும். குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவே கூடாது. பலருக்கு இது வேலை செய்யாமல் போவதற்கு அந்த ஓர் இடைவெளிதான் காரணம். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் கழிக்காதீர்கள். நல்ல பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் ‘வாடகை’ என்று இருந்தாலும் அந்தப் பக்கமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது தமிழுக்கே உரிய சிக்கல். மேற்கோள் குறிக்குள் “மண்டபம்” என்று போட்டால் அதே வடிவத்தைத்தான் கேட்கிறீர்கள். ஆனால் செய்தி எழுதுபவர் ‘மண்டபத்தில்’, ‘மண்டபத்துக்கு’, ‘மண்டபத்தின்’ என்றல்லவா எழுதியிருப்பார்? ‘அம்’ என்று முடியும் பெயர் வேற்றுமை உருபு ஏறியதும் ‘அத்து’ ஆகிவிடுகிறது. ராமேஸ்வரம், ராமநாதபுரம், தங்கச்சிமடம், தேவிபட்டினம் என்று நம் கரையில் பாதி ஊர் இந்த வகைதான். ஆகவே “மண்டபத்தில்” என்று தனியாக ஒரு முறையும் தேடுங்கள். இதில் ஒரு லாபமும் உண்டு: ‘மண்டபத்தில் மீனவர்கள்’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் ஊராகத்தான் இருக்கும்.

எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம், இராமேசுவரம் என்று நான்கு வடிவங்களும் அச்சில் இருக்கின்றன. மேற்கோள் குறிக்குள் தேடும்போது ஒன்றைப் போட்டால் மற்ற மூன்றும் தப்பிவிடும்.

உங்கள் துறைக்கென்று இன்னொன்று. அந்த ஆராய்ச்சி நிலையம் 1947இல் சென்னையில் தொடங்கி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்தது. தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனது. அதனால் இடைப்பட்ட காலத்து வெளியீடுகளில் முகவரி ‘மண்டபம் கேம்ப்’ என்றும், பிந்தையவற்றில் ‘கொச்சி’ என்றும் இருக்கும். பயிற்சி அறிவிப்புக்குக் கொச்சியையும் மண்டபம் மண்டல மையத்தையும் சேர்த்து, ஆங்கில எழுத்தில் தேடுங்கள். அறிவிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் ஏறுகின்றன.

கணவாய் சமைக்கும் முறை தேடினால் கைபர் கணவாய், பாலக்காட்டுக் கணவாய் என்று புவியியல் பாடம் வருகிறது. பாறை மீன் விலை கேட்டால் கல் குவாரி வருகிறது. மீன் பெயரைத் தேட வேறு வழி உண்டா?
– வாசகி, தங்கச்சிமடம்

உண்டு. கரையில் புழங்கும் முழுப் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஏலக் கூடத்தில் யாரும் வெறுமனே ‘கணவாய்’ என்று நிறுத்துவதில்லை. உடம்பு நீண்டு ஒல்லியாக இருப்பது ஊசிக் கணவாய். உள்ளே வெள்ளை ஓடு வைத்திருப்பது ஓட்டுக் கணவாய். எட்டுக் கைகளோடு ஓடில்லாமல் இருப்பது பேய்க் கணவாய். இந்த முன்சொல் சேர்ந்ததும் மலைகள் எல்லாம் விலகிவிடும். எந்தக் கணவாய்க்கு எந்தச் சமையல் என்பதும் சரியாக வரும். ஊசிக் கணவாயை நல்ல சூட்டில் இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அரைமணி நேரத்துக்கு மேல் சிறு தீயில் விட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் எடுத்தால் ரப்பர் மாதிரி இழுக்கும். பேய்க் கணவாய்க்கு அந்தக் குறுகிய கணக்கு பொருந்தாது, அதை வேகவைத்தே ஆக வேண்டும். பெயர் கலந்து வரும் குறிப்பை நம்பினால் சட்டி கெடுவது இப்படித்தான்.

ஓட்டுக் கணவாயின் ஓட்டுக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் அது ‘கடல் நுரை’. அந்தப் பெயரில் தேடினால் அலையும் நுரையும் படமாக வந்து குவியும். ‘கடல் நுரை நாட்டு மருந்து’ என்று கேளுங்கள். அல்லது ‘கணவாய் ஓடு’ என்றே கேளுங்கள்.

பாறைக்கும் அதே வழிதான். ‘பாறை மீன்’ என்று இரண்டு சொல்லையும் மேற்கோள் குறிக்குள் சேர்த்துப் போட்டு, வெளியே ‘கிலோ’ என்று ஒரு சொல் வையுங்கள். கல் குவாரிக்காரர் யூனிட் கணக்கில் பேசுவார், கிலோ கணக்கில் பேசமாட்டார். இப்படி அந்தந்தத் தொழிலின் அளவைச் சொல் நல்ல சல்லடை.

மீனின் அறிவியல் பெயர் தெரிந்தால் அதைவிடத் துல்லியம் வேறில்லை. ஊருக்கு ஊர் மாறாத பெயர் அது ஒன்றுதான். சென்னையில் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்கிறோம்; ஒரு பெயரில் தேடினால் மற்ற ஊர்க்காரர் எழுதியது கிடைக்காது. ‘கடல் பசு’ என்று தேடும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். பாக் நீரிணையில் கடற்புல் மேய்கிற நம் ஆவுளியாவோடு, 1741இல் கண்டறியப்பட்டு 27 ஆண்டுகளுக்குள் வேட்டையாடி ஒழிக்கப்பட்ட ஸ்டெல்லர் கடற்பசுவும் வரும். ‘அழிந்துவிட்ட விலங்கு’ என்று பள்ளிக் கட்டுரையில் எழுதிவிட்டால் ஆவுளியாவுக்குச் செய்கிற அநியாயம் அது. ‘ஆவுளியா’ என்றே தேடினால் நம் கடல் விலங்குதான் வரும்.

எங்கள் குழு பெப்சி பாசி வளர்க்கிறது. நோய் பற்றித் தேடினால் குளிர்பானமும் ஐஸ் தயாரிப்பும் வருகிறது. ‘கடல் பாசி’ என்றால் நோன்புக் கால இனிப்புதான் வருகிறது.
– மகளிர் குழுவினர், பாம்பன்

பெப்சி நிறுவனம் இந்தக் கரையில் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஒட்டிக்கொண்ட ஊர்ப்பெயர் அது. மண்டபம், பாம்பன் தாண்டினால் யாருக்கும் புரியாது. தேடுவதற்கு உரிய பெயர் ‘கப்பாபைகஸ்’. ஆங்கிலத்தில் தட்டும்போது ‘கப்பா’வில் பகரம் இரண்டு வரும். ஒன்றை விட்டாலும் பெரும்பாலும் தேடுபொறி திருத்திக்கொள்ளும். முழுப் பெயர் வேண்டுமானால் கப்பாபைகஸ் அல்வரேசி.

நோயின் பெயரே ‘ஐஸ்-ஐஸ்’ என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. ‘ஐஸ்-ஐஸ் கப்பாபைகஸ்’ என்று இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். கிளையின் நடுவில் ஓரிடம் வெளுத்து, மெத்தென்று ஆகி, அங்கேயே ஒடிந்து விழுகிறதா? அதுதான் இது. தண்ணீர்ச் சூடு ஏறும்போதும், மழைநீர் கலந்து உப்பு குறையும்போதும் செடி தளர்ந்து, பிறகு பாக்டீரியா பிடிக்கிறது. வெளுத்த கிளையை வெட்டிக் கரைக்குக் கொண்டுவந்து அப்புறப்படுத்துங்கள், கடலிலேயே விடாதீர்கள். கிளை நுனி மொட்டையாகக் கடிபட்டிருந்தால் அது நோயில்லை, ஓரா மீனின் வேலை. மிதவையின் அடிவலை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விளைச்சல் கணக்கு தேடும்போது மிதவையின் அளவையும் சேருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, ஏறக்குறைய 60 கிலோ விதைப்பாசி, 45 நாள் என்பது நம் கரையின் கணக்கு. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் கயிறு கட்டும் முறையே வேறு; அந்த எண்களை இங்கே ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

இனிப்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி அகர். அது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி வகைகளிலிருந்து வருவது. உங்கள் பாசியிலிருந்து வருவது கராஜீனன். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மைக்குச் சேர்ப்பார்கள். கொள்முதல் செய்கிறவரைத் தேடும்போது ‘கராஜீனன்’ என்ற சொல்தான் உங்களைச் சரியான கதவுக்குக் கொண்டுபோகும். தேடலில் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் இந்தப் பாசி படர்ந்தது பற்றிய ஆய்வுகளும் எதிர்ப்படும். அவை சம்பந்தமில்லாதவை என்று தள்ளிவிடாமல் படியுங்கள். மிதவையை எங்கே போடக்கூடாது என்பதற்கான காரணம் அவற்றில் இருக்கிறது.

வாடகைக் கார் ஓட்டுகிறோம். வெளியூர்க்காரர்கள் ஏர்வாடி என்று போட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விடுகிறார்கள். கீழக்கரை என்றால் ஜல்லிக்கட்டு வருகிறது. எப்படி வழி சொல்வது?
– ஓட்டுநர்கள், ராமநாதபுரம்

தமிழில் இரண்டும் ஏர்வாடிதான். சுல்தான் சையது இப்ராகிம் தர்கா இருப்பது கீழக்கரையை அடுத்த கடற்கரை ஏர்வாடி. மற்றது திருநெல்வேலி மாவட்டத்தில், நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம். ஆங்கிலத்தில் திருநெல்வேலி ஊரைப் பெரும்பாலும் நடுவில் ஒரு ‘யு’ சேர்த்து எழுதுகிறார்கள். ஆனால் இரண்டு ஊருக்கும் இரண்டு விதமாகவும் எழுதுகிறவர்கள் உண்டு, அதை நம்பிப் புறப்படக் கூடாது.

நம்பத் தக்கவை எண்கள். அஞ்சல் குறியீடு 623 என்று தொடங்கினால் ராமநாதபுரம் பக்கம், 627 என்றால் திருநெல்வேலிப் பக்கம். வரைபடச் செயலியில் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் குறி விழுந்து, இரண்டு எண்கள் வரும். நம் ஏர்வாடிக்கு முதல் எண் 9இலும் இரண்டாவது 78இலும் தொடங்கும். மற்ற ஏர்வாடிக்கு 8, 77. பயணி அனுப்பிய இடக்குறியைத் திறந்ததும் இந்த இரண்டை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். ரயிலில் வருகிறவர்களிடம் நிலையக் குறியீட்டைக் கேளுங்கள்: ராமநாதபுரம் ஆர்.எம்.டி., ராமேஸ்வரம் ஆர்.எம்.எம். வெறும் ‘ராமநாதபுரம்’ என்றால் கோயம்புத்தூரில் அந்தப் பெயரில் ஒரு பகுதியே இருக்கிறது.

கீழக்கரை விஷயம் புதிது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரை என்றொரு கிராமம் உண்டு. அங்கே கட்டிய ஏறுதழுவுதல் அரங்கம் 2024 ஜனவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதிலிருந்து பொங்கல் மாதத்தில் ‘கீழக்கரை’ என்றால் காளைதான் முன்னால் நிற்கும். ‘கீழக்கரை ராமநாதபுரம்’ என்று மாவட்டத்தைச் சேர்த்தால் போதும்.

தேவிபட்டினத்திலும் கவனம் வேண்டும். ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில் தேவிபட்டினம் மண்டலம் இருக்கிறது. 2019 செப்டம்பர் 15 அன்று அங்கே கச்சுலூரு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். நம் தேவிபட்டினத்து நவக்கிரகக் கோயிலான நவபாஷாணத்துக்கு வர நினைப்பவர்கள் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு ‘அங்கே படகு ஆபத்தாமே’ என்று தயங்குவதுண்டு. நவபாஷாணம் கரையோரத்திலேயே இருக்கிறது, நடைபாதை வழியாகப் போகலாம் என்று சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் ‘வேறு ஊர்’ என்று ஒதுக்கிவிடவும் கூடாது. ஏர்வாடி என்றதும் 2001 ஆகஸ்ட் 6 தீ விபத்து வரும். சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எரிந்து இறந்தது நம் கடற்கரை ஏர்வாடியில்தான். நோயாளியை அழைத்துக்கொண்டு வருகிற குடும்பம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

‘தொண்டி’ என்று தேடினால் சேரர் துறைமுகம், மலையாளப் படம், ஐரோப்பிய ரயில் நிலையம் எல்லாம் வருகின்றன. மாணவர்கள் எது நம் ஊர் என்று கேட்கிறார்கள்.
– ஆசிரியை, தொண்டி

மூன்றையும் வகுப்பிலேயே பிரித்துக் காட்டலாம், நல்ல பாடம். சேரர் தொண்டி மேற்குக் கடற்கரையில் இருந்தது. கிரேக்கர் ‘திண்டிஸ்’ என்றது அதைத்தான் என்பார்கள். ஐங்குறுநூற்றில் அம்மூவனார் பாடிய தொண்டிப் பத்தும் (171–180) அந்தத் தொண்டியைப் பற்றியது. நம் ஊர் கிழக்குக் கடற்கரையில், பாண்டிநாட்டுப் பக்கம். உள்ளூர் வரலாறு எழுதுகிறவர்கள் சேரர் தொண்டிப் பாட்டை நம் தொண்டிக்கு ஏற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பக்கத்தில் ‘சேர’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மலையாளத்தில் தொண்டி என்றால் திருட்டுப் பொருள், நீதிமன்றச் சொல். படம் வருவது அதனால்தான். எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் தொண்டி என்றொரு பகுதி இருக்கிறது, அதில் ரயில் நிலையமும் உண்டு. நம் தொண்டியோடு ஒலி மட்டும்தான் ஒற்றுமை.

தமிழ் விக்கிப்பீடியாவில் இப்படி ஒரே பெயர் பலவற்றுக்கு இருந்தால் ‘பக்கவழி நெறிப்படுத்தல்’ என்று ஒரு பக்கம் போட்டிருப்பார்கள். எந்தப் பெயரையும் ஆராயப் புகுமுன் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

‘சேதுபதி’ என்றால் நடிகர்தான் வருகிறார். மன்னர்கள் எங்கே?
– வாசகர், உச்சிப்புளி

அடைமொழியில் இருக்கிறார்கள். கிழவன் சேதுபதி, பாஸ்கர சேதுபதி, முத்துராமலிங்க சேதுபதி என்று தனிப்பெயரோடு தேடுங்கள். விவேகானந்தர் 1893இல் சிகாகோ போனதற்கு உதவியவர் பாஸ்கர சேதுபதி. ஆகவே ‘சேதுபதி விவேகானந்தர்’ என்றாலும் அவர் கிடைப்பார்.

அப்துல் கலாம் பற்றி எழுதச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் பிறந்தது 1888, இன்னொன்றில் 1931. ஒடிசாவில் தீவு, லக்னோவில் தேர்வு முடிவு என்றும் வருகிறது. எது சரி?
– எட்டாம் வகுப்பு மாணவன், ராமேஸ்வரம்

தம்பி, இரண்டு ஆண்டும் சரி, ஆட்கள்தான் வேறு. 1888 நவம்பர் 11இல் பிறந்தவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சர். அவர் பிறந்த நாள்தான் தேசியக் கல்வி நாள். உங்கள் ஊர்க்காரர் அப்துல் கலாம், 1931 அக்டோபர் 15இல் பிறந்தவர். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர். 2015 ஜூலை 27இல் மறைந்தார். பேய்க்கரும்பு நினைவிடம் சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் திறக்கப்பட்டது. இருவரும் பாரத ரத்னா பெற்றவர்கள், அதனால் அந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் பிரியாது. ‘அபுல்’, ‘அப்துல்’ என்ற எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைப் பார்.

ஒடிசாக் கடலில் இருப்பது ஏவுகணைச் சோதனைத் தீவு. வீலர் தீவு என்று இருந்ததற்கு 2015இல் அப்துல் கலாம் பெயரை வைத்தார்கள். தேர்வு முடிவுகள் அவர் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகங்களுடையவை. உத்தரப் பிரதேசத்தில் ஒன்று, கேரளத்தில் ஒன்று. வாழ்க்கை வரலாறு வேண்டுமென்றால் ‘அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன்’ என்று முன்பெயரை விரித்துத் தேடு. கட்டடத்துக்கும் தீவுக்கும் யாரும் அந்த முழுப் பெயரை வைப்பதில்லை.

‘அப்பா தீவு’ தேடினால் தந்தையர் தினக் கவிதை வருகிறது. ‘முயல் தீவு’ என்றால் தூத்துக்குடி.
– வாசகர், பெரியபட்டினம்

மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் குழு குழுவாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: மண்டபம் 7, கீழக்கரை 7, வேம்பார் 3, தூத்துக்குடி 4. தீவின் பெயரோடு குழுவின் பெயரையும் போடுங்கள். அப்பா தீவு கீழக்கரைக் குழு. முயல் தீவு மண்டபம் குழுவில் இருக்கிறது; தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டியும் அதே பெயரில் ஓர் இடம் உண்டு, படங்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கோயில் பெயரை நாமே தட்டினால் பிடிஎஃப் கோப்புக்குள் கிடைப்பதில்லை; நகலெடுத்து ஒட்டினால் கிடைக்கிறது. ஏன்?
– வாசகர், திருப்புல்லாணி

‘ஸ்ரீ’யைப் பாருங்கள். திரையில் ஒரே உருவம்தான். உள்ளே இரண்டு விதமாக எழுதலாம், ஸகரத்தை வைத்து ஒன்று, கிரந்த ஶகரத்தை வைத்து ஒன்று. கோப்பில் ஒரு விதமும் உங்கள் விசைப்பலகையில் மறு விதமும் இருந்தால் கிடைக்காது. ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று ளகரம் போட்டுத் தட்டுவதும் இதே கோளாறு. அந்த எழுத்தை விட்டுவிட்டு ‘ஜெகந்நாத’ என்று கோயில் பெயரின் நடுப்பகுதியை மட்டும் தேடுங்கள். எதுவுமே கிடைக்காவிட்டால் அந்தக் கோப்பு ஒளிப்படமாக வருடப்பட்டதாகவோ, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருவில் அடித்ததாகவோ இருக்கும். ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வந்தால் பழைய எழுத்துரு என்று அர்த்தம். மாற்றிச் செயலியில் போட்டு எடுக்க வேண்டும்.

வளைகுடா வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். என் பெயரைத் தேடினால் வேறு ஒருவர் மீதான மோசடி வழக்கு முதலில் வருகிறது. நிறுவனம் பார்த்தால் என்ன ஆகும்?
– வாசகர், கீழக்கரை

உங்கள் கவலை நியாயமானது. நம் பெயர் முறையே இதற்கு இடம் கொடுக்கிறது: குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து ஒன்றோ இரண்டோ, முகமது என்ற சொல்லுக்கோ ஆங்கிலத்தில் ஐந்தாறு எழுத்துக்கூட்டல். ஆயிரம் பேருக்குப் பொருந்தும்.

அந்தச் செய்தியை நீக்கச் சொல்லி எழுதாதீர்கள். அது இன்னொருவரைப் பற்றிய உண்மைச் செய்தி, நீக்கமாட்டார்கள். செய்ய வேண்டியது வேறு. பாஸ்போர்ட்டில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டலில், முன்னெழுத்தைத் தந்தை பெயராக விரித்து, சுயவிவரத்திலும் வேலைத் தளங்களிலும் ஒரே மாதிரி போடுங்கள். ஓரிடத்தில் ஒரு எம் கூட, இன்னோரிடத்தில் குறைய என்று இருக்கக் கூடாது. ஊர், படிப்பு, வேலை அனுபவம் மூன்றும் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்களைத் தேடுகிறவர் பெயரோடு தொழிலையும் சேர்த்துத்தான் தேடுவார். அப்போது உங்கள் பக்கம் மேலே வரும்.

செய்தியில் குற்றம் சாட்டப்பட்டவரின் வயது, தந்தை பெயர், காவல் நிலையம் இருக்கும். அந்தப் பகுதியைத் திரைப்பிடிப்பு எடுத்து, தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் கேட்டால் உங்கள் பாஸ்போர்ட் நகலோடு ஒரே மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றிதழுக்குப் பாஸ்போர்ட் சேவா தளத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். அதற்கு மேல் பேச்சில்லை.

அந்தச் செய்தியில் தவறாக உங்கள் படம் போடப்பட்டிருந்தால் விஷயமே வேறு. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். சமூக ஊடகத்தில் பரவியிருந்தால், புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அந்த நிறுவனம் ஒப்புகை தர வேண்டும் என்று 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்கின்றன. படத்தை நீக்கிவிடுவார்களே என்று நினைத்து ஆதாரம் எடுக்காமல் புகார் செய்யாதீர்கள். முதலில் திரைப்பிடிப்பு, பிறகு புகார்.

கடலுக்குப் போனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்ததாகச் செய்தி வந்தால், பெயரை வைத்துத் தேடுகிறோம். ஒரே பெயரில் பலர். போன வருஷச் செய்தியும் கலந்து வருகிறது. வீட்டில் பெண்கள் துடித்துப்போகிறார்கள்.
– மீனவர் குடும்பத்தினர், பாம்பன்

பெயரை வைத்துத் தேடாதீர்கள். அந்தோணியும் முனியசாமியும் நம் கரையில் எத்தனை பேர்? அவசரத்தில் வயதும் தப்பாக அச்சாகும். படகின் பதிவு எண்ணை வைத்துத் தேடுங்கள். ‘ஐ.என்.டி. டி.என்.’ என்று தொடங்கும் அந்த எண் ஒரு படகுக்கு ஒன்றுதான். செய்திகளில் நடுவில் கோடு போட்டும் போடாமலும் எழுதுவார்கள், ஆகவே கடைசி இலக்கங்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் போட்டு, ‘படகு’ என்று சேர்த்துப் பாருங்கள். இந்த எண்ணை உரிமையாளரின் போனில் மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. படகில் போகிற ஒவ்வொருவர் வீட்டிலும் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

பழைய செய்தியைத் தள்ள, தேடல் பட்டியில் ‘ஆஃப்டர்’ என்ற ஆங்கிலச் சொல், ஒட்டினாற்போல முக்காற்புள்ளி, ஒட்டினாற்போல ஆண்டு-மாதம்-நாள் என்று கடலுக்குப் போன தேதியைப் போடுங்கள். அதற்கு முந்தைய பக்கங்கள் விலகும். வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு இது உதவாது. அதில் தேதி இல்லாவிட்டால் நம்ப வேண்டாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் ‘இன்று காலை விசைப்படகு பிடிபட்டது’ என்று ஒன்று சுற்றினால், அது பழசா என்று முதலில் பாருங்கள்.

இலங்கைத் தமிழ் இதழ்களில் தேடும்போது அவர்கள் சொல்லையே பயன்படுத்த வேண்டும். நாம் ‘நீதிமன்றக் காவல்’ என்பதை அவர்கள் ‘விளக்கமறியல்’ என்பார்கள். மீன்வளத் துறை அங்கே ‘கடற்றொழில்’. ஊர் ‘ஊர்காவற்றுறை’, நம் செய்திகளில் ‘ஊர்காவல்துறை’ என்று மாறி வரும். நம்மவர்களை அவர்கள் ஊர் சொல்லி எழுதுவது குறைவு, ‘இந்திய மீனவர்கள்’ என்றே எழுதுவார்கள். ‘இந்திய மீனவர்கள் விளக்கமறியல் மன்னார்’ என்று தேடினால், எந்தத் தேதி வரை காவல், அடுத்து எப்போது நீதிமன்றம் என்பது நம் செய்திகளுக்கு முன்பே அங்கே கிடைப்பதுண்டு.

அதற்கும் முன்னால் ஒருவர் மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். கடலுக்குப் போகுமுன் வாங்கிய டோக்கனில் படகின் எண் பதிவாகியிருக்கும். அன்று எந்தெந்தப் படகு போனது என்பது அவர்களிடம் இருக்கிறது. படகு எண், உரிமையாளர் பெயர், போன தேதி, போனவர்களின் ஆதார் நகல் இந்த நான்கையும் கையோடு கொண்டுபோங்கள்.